இரண்டு விரல்

என் த்ரீவீலில் ஏறுவதற்கு முன்னால் மூன்று டயரையும் குனிந்து கட்டைவிரலால் அழுத்திப் பார்த்த ஒரே ஆள் எங்கள் கங்காணிதான். "காலையிலதான் மாமா காத்து அடிச்சேன்" என்று சொன்னால், வேறு யாரிடமோ சொன்ன மாதிரி இருப்பார். மூன்றாவது டயரையும் அழுத்திவிட்டு, விரலைக் களிசானில் துடைத்துக்கொண்டு, "ம், எடு" என்பார். அந்த 'ம்'தான் அவரிடமிருந்து கிடைக்கிற பாராட்டு. அதற்கு மேல் யாரும் வாங்கியதாக எங்கள் தோட்டத்தில் பேச்சில்லை.

அவருக்கு ஒரு பெயர் இருந்தது. அடையாள அட்டையில் இருந்தது. அதைச் சொல்லி யாரும் கூப்பிட்டதில்லை, அவர் பெண்சாதி உட்பட. நானும் இங்கே எழுதவில்லை. எழுதினால் எங்கள் தோட்டத்தில் பாதிப் பேருக்கு யாரென்று தெரியாது.

ராகலைக்கு மேலே எங்கள் தேயிலைத் தோட்டம். அவர் வீடும் எங்கள் வீடும் ஒரே லயத்தில், அதாவது ஒரே வரிசை வீட்டில், அடுத்தடுத்த காம்பரா. நடுவில் இருக்கிற சுவர் கூரை வரைக்கும் போகாது. ஆகவே அத்தை வைக்கிற குழம்பில் உப்புக் கூடினால் எங்களுக்கும் தெரிந்துவிடும். அவர் பெண்சாதியை நான் அத்தை என்றுதான் கூப்பிடுவேன். கொழுந்து எடுக்கிற பெண்களுக்கு அவர் கங்காணி. அத்தையும் அந்தக் கூட்டத்தில் ஒருத்தி, என் அம்மாவும் ஒருத்தி. மலையில் பகலில் நடந்தது எல்லாம் சாயங்காலம் அம்மா வாயால் எனக்கு வந்து சேரும். அம்மா எதையும் கொஞ்சம் கூட்டித்தான் சொல்லுவாள். கங்காணி விஷயத்தில் மட்டும் கூட்ட வேண்டிய தேவை அவளுக்கு வரவில்லை.

"எங்க, காட்டு பாப்போம்." அவர் பேச்சில் பாதி இதுதான். யார் எதைச் சொன்னாலும் நம்ப மாட்டார். தன் விரல் தொட்டதைத்தான் நம்புவார். கூடைக்கு மேலே நல்ல கொழுந்தையும் அடியில் முத்தல் இலையையும் போடுவது எல்லாத் தோட்டத்திலும் உள்ளதுதான். மற்றக் கங்காணிமார் மேலாகக் கிளறிப் பார்ப்பார்கள். இவர் முழங்கை வரைக்கும் கையை விடுவார். பெண்சாதி கூடை என்றால் தோள் வரைக்கும்.

கோயில் திருவிழாவில் பூசாரி பொங்கலை இறக்கி வைத்து "வெந்திருச்சு" என்றார். "எங்க, காட்டு பாப்போம்" என்று இவர் ஒரு பருக்கையை எடுத்து விரலால் நசுக்கினார். அம்மனுக்குப் படைக்கிறதுக்கு முன்னால். பூசாரிக்கு வந்த கோபத்தில் தட்டைக் கீழே வைத்துவிட்டார். "நான் திங்கலையே, தொட்டுத்தானே பாத்தேன்" என்றார் கங்காணி.  பருக்கை சரியாக வேகவில்லைதான்.

ஆனால் விரலை நம்புகிறவருக்கு விரல் எட்டாத இடத்தில் என்ன நடக்கிறது என்று தெரியாது. மகளைப் பெண் பார்க்க வந்த பையன் கொழும்பில் வேலை செய்கிறேன் என்றான். "எங்க, கையக் காட்டுங்க தம்பி பாப்போம்." தடவிப் பார்த்தார். உள்ளங்கை பஞ்சாக இருந்தது. வேலை வெட்டி இல்லாத பயல் என்று அனுப்பிவிட்டார். அவன் துணிக்கடையில் வேலை செய்தான். துணி மடிக்கிற கையில் காய்ப்பு எங்கிருந்து வரும்? இப்போது ராகலையிலேயே சொந்தமாகக் கடை வைத்திருக்கிறான். அத்தை அந்தக் கடைப் பக்கம் போகும்போதெல்லாம் கங்காணியை ஒரு பார்வை பார்ப்பாள். அவர் வேறு கடையைப் பார்ப்பார்.

இந்த மனிதருக்கு ஒரு வருஷம் ஏச்சு கூடிப்போனது. முன்பெல்லாம் மலையின் அடியிலிருந்து உச்சிக்கு ஒரே மூச்சில் ஏறி, ஏறி முடித்த பிறகுதான் ஏசுவார். அந்த வருஷம் பாதி வழியில் நின்று ஏச ஆரம்பித்தார். கொஞ்சம் நடப்பார், நிற்பார், பக்கத்தில் நிற்கிறவள் கூடையில் குற்றம் காண்பார். மறுபடி கொஞ்சம் நடப்பார், நிற்பார், அடுத்தவளைப் பிடிப்பார். பெண்களுக்கு உயிர் போய் உயிர் வந்தது.

"இந்த மனுசனுக்கு என்ன கேடுன்னு தெரியலடா" என்றாள் அம்மா ஒரு நாள். "இன்னைக்கு ஒரு செடியப் புடிச்சுக்கிட்டு நின்னு ஏசுறாரு. யாரை ஏசுறாருன்னு திரும்பிப் பாத்தா அங்க ஒரு ஆளும் இல்ல. செடியத்தான் ஏசுறாரு."

விஷயம் என்னவென்றால், நடந்தால் அவருக்கு வலது கெண்டைக்கால் பிடித்துக்கொள்ளும். நின்றால் விட்டுவிடும். வலிக்கிறது என்று சொல்ல அவருக்கு வாய் வராது. சும்மா நிற்கவும் முடியாது, கங்காணி சும்மா நின்றால் கூட்டமும் சும்மா நிற்கும். ஆகவே நிற்கிற இடத்தில் எல்லாம் ஒரு குற்றம் வேண்டியிருந்தது. பீடி பிடித்துப் பிடித்து காலுக்குப் போகிற ரத்தக்குழாய் அடைத்துக் கிடந்ததை, அந்த வருஷம் முழுக்க எங்கள் தோட்டத்துப் பெண்கள் ஏச்சாக வாங்கிக்கொண்டிருந்தார்கள்.

கால் பெருவிரல் கறுத்த பிறகுதான் அத்தைக்குத் தெரிந்தது. காட்ட மாட்டேன் என்று போர்வைக்குள் இழுத்துக்கொண்டாராம். ஊரையெல்லாம் காட்டச் சொன்ன மனிதர். அத்தை போர்வையை உருவி எடுத்துவிட்டு, சுவருக்கு மேலாக என்னைக் கூப்பிட்டாள்.

நுவரெலியா கிளினிக்கில் பார்த்துவிட்டு கண்டிக்கு அனுப்பினார்கள். மகள் கல்யாணமாகிக் கொழும்பில் இருந்ததால் கூடப் போனது நான். அங்கே ஒரு சிங்கள டொக்டர் அம்மா, தமிழ் படித்துப் பேசுகிறவர். அடைத்த இடத்தைத் தாண்டி ரத்தம் போக ஒரு மாற்று வழி போட வேண்டும் என்றார். அதற்குக் குழாய் வெளியே வாங்குவதில்லை, அவர் காலிலிருந்தே ஒரு ரத்த நரம்பை எடுத்து வைத்துத் தைப்பது. வலது காலில் இருக்கிறது மெலிந்த நரம்பு, ஆகவே இடது காலிலிருந்து எடுக்க வேண்டும். செய்யாவிட்டால் கால் போய்விடும்.

எங்கள் கீழ் லயத்தில் சீனி வியாதியில் காலை எடுத்துவிட்ட ஒரு ஆள் இருந்தார். நாள் முழுக்க இஸ்தோப்பில், அதுதான் லயத்து முன்வாசல், அதில் ஒரு சாக்குப் போட்டு உட்கார்ந்திருப்பார். அந்த வாசலைக் கடக்கும்போது மட்டும் கங்காணி எதையும் தொட மாட்டார், யாரையும் ஏச மாட்டார், தலையைக் குனிந்துகொண்டு போய்விடுவார். டொக்டர் அம்மா சொன்னதைக் கேட்டதும் அவர் அந்த வாசலைத்தான் நினைத்திருப்பார். "வெட்டுங்க, தைங்க, என்னமும் செய்ங்க" என்றார். "நான் நடக்கணும்."

ஒப்பரேஷன் முடிந்து கண் தெளிந்ததும் டொக்டர் அம்மாவிடம் அவர் கேட்டது, "எங்க, காட்டுங்க பாப்போம்."

நான் வெட்கத்தில் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். டொக்டர் அம்மா கோபிக்கவில்லை. அவருடைய இரண்டு விரலைப் பிடித்து முழங்காலுக்கு உள்பக்கம் வைத்தார். அங்கே தோலுக்குக் கீழேயே அந்த நரம்பு ஓடுகிறது. பிறகு பாதத்தின் மேல்பக்கம் வைத்தார். கங்காணி மூச்சைப் பிடித்துக்கொண்டு கூரையைப் பார்த்தார்.

"துடிக்குதா?"

"ம்" என்றார்.

"அது பெரிய விசயம் டொக்டர்" என்றேன் நான். அவருக்குப் புரிந்திருக்காது.

வீட்டுக்கு விடும் நாளில் டொக்டர் அம்மா மாத்திரைப் பெட்டியின் பின்பக்கம் படம் கீறிக் காட்டினார். "இந்த நரம்பு இவ்வளவு நாளும் மெதுவா ரத்தம் மேல கொண்டு போன நரம்பு. இப்ப நெஞ்சிலருந்து வர்ற வேகத்தத் தாங்கச் சொல்லி வச்சிருக்கோம். பழக்கமில்லாததால உள்பக்கம் தடிச்சுக்கிட்டு வரும். தடிச்சா வழி குறுகும். குறுகினா ரத்தம் உறையும். அப்புறம்..."

"கால் போயிரும்."

"ஆமா. மொத வருசம்தான் ரொம்பக் கவனம். பீடி கூடாது. மாத்திரைய ஒரு நாளும் விடக் கூடாது. தினம் நடக்கணும். ஸ்கேனுக்குச் சொல்ற நாளைக்கு வரணும். இறுக்கமான சொக்ஸ் போடக் கூடாது. காலையில மாலையில இந்த எடத்துல தொட்டுப் பாருங்க. துடிப்பு இல்லன்னா ஒடனே வாங்க, நாளைக்குன்னு வைக்காதீங்க."

கங்காணி எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு தன் பாஷையில் ஒரு முடிவுக்கு வந்தார். "இடது காலு டிவிசன்லருந்து வலது காலுக்கு டிரான்ஸ்பர்ல வந்தவன். புது மலை, புது வேலை. மொத வருசம் அவன் மேலருந்து கண்ண எடுக்கக் கூடாது."

டொக்டர் அம்மா என்னைப் பார்த்தார். நான் தலையாட்டினேன்.

அதிலிருந்து அந்த நரம்புக்குப் பிடித்தது சனி. தோட்டத்தில் காலையில் பெரட்டு என்று ஒன்று உண்டு. எல்லாரும் வந்து நின்று பெயர் கொடுத்து வேலைக்குப் பிரிகிற நேரம். அந்த நேரத்துக்கு கங்காணி இஸ்தோப்பில் உட்கார்ந்து, காலை நீட்டி, பாதத்தில் இரண்டு விரலை வைப்பார். துடித்தால் "வந்துட்டான்" என்பார். சாயங்காலம் மறுபடி வைத்து "இருக்கான்" என்பார். ஒரு நாள் மெதுவாகத் துடிக்கிற மாதிரி இருந்ததாம். "என்ன, சொணங்குற?" என்று காலைப் பார்த்து அதட்டியது எங்கள் வீட்டுக்குக் கேட்டது.

பீடியை விட்டார். அவர் விட்டது மட்டுமில்லை, மற்றவர்களும் விட வேண்டும் என்றார். வேலிக்கு அந்தப் பக்கம் எவனாவது பற்றவைத்தால், "டேய், என் நரம்புக்கு ஆகாதுடா" என்று எழுந்து வருவார். நாங்கள் எல்லாரும் குழாயடிக்குப் பின்னால் போய்ப் பிடித்தோம். ஆண்கள் எல்லாரும் அங்கே நின்றதால் பெண்கள் தண்ணீர் எடுக்க முடியவில்லை என்று சண்டை வந்தது.

இதற்கு மேல் ஒன்று நடந்தது. தன் கால் துடிப்பது சரியான அளவில்தான் துடிக்கிறதா என்று அவருக்குச் சந்தேகம் வந்துவிட்டது. அளவு தெரிய வேண்டுமானால் மற்றவர் காலைத் தொட்டுப் பார்க்க வேண்டும். பார்த்தார். யார் முன்னாலும் வளையாத மனிதர், லயத்தில் போகிற வருகிறவர்களை நிறுத்தி, "எங்க, காட்டு பாப்போம்" என்று காலடியில் குனிந்தார். பெண்கள் அலறிக்கொண்டு ஓடினார்கள். வயதில் பெரியவர் குனிந்து சின்னவர் காலைத் தொட்டால் யாருக்குப் பாவம்? ஒரு புதுப்பெண் பயந்து அவர் காலில் விழ, இருவரும் ஒரே நேரத்தில் குனிந்து நெற்றியோடு நெற்றி மோதிக்கொண்டார்கள்.

என் அம்மா மட்டும் ஓடவில்லை. நன்றாக வாங்குப் பலகையில் உட்கார்ந்து காலை நீட்டினாள். "இத்தன வருசமா என்னைய ஏசுனதுக்கு இப்பயாவது கால்ல விழுந்தீங்களே கங்காணி. மன்னிச்சிட்டேன், எந்திரிங்க."

"சும்மா இரு புள்ள, எண்ணிக்கிட்டு இருக்கேன்" என்றார்.

சொன்னால் நம்ப மாட்டீர்கள், அந்த மாதங்கள்தான் எங்கள் தோட்டத்தில் பெண்கள் நிம்மதியாகக் கொழுந்து எடுத்த காலம். உடம்பு தேறி அவர் வேலைக்குத் திரும்பியபோது கால் பிடிக்கவில்லை. நிற்காமல் ஏறினார். நிற்காததால் ஏசவில்லை. "அந்த நரம்பு நல்லா இருக்கணும் மாரியம்மா" என்று பெண்கள் கோயிலில் வேண்டிக்கொண்டதாக அம்மா சொன்னாள். அவர் காலுக்காக இல்லை, அவர்கள் காதுக்காக.

பிறகு மழை பிடித்தது. மழை என்றால் அட்டை. அட்டையை கங்காணி வாழ்நாளில் ஒரு பொருட்டாக எண்ணியதில்லை. கடிக்கும், பிடுங்கிப் போடுவார். இப்போது மாத்திரை போடுகிற உடம்பு. ரத்தம் உறையாமல் வைத்திருக்கிற மாத்திரை. அட்டை கடித்த வாய் மூட மாட்டேன் என்றது. சப்பாத்துக்குள் ரத்தம் சளசளவென்று நிற்க, ஒரு சாயங்காலம் அவர் வீட்டுக்கு வந்த கோலத்தைப் பார்த்து அத்தை ஓவென்று கத்தினாள்.

அடுத்த கிளினிக்கில் கேட்டோம். "பஞ்சு வச்சு அமத்திப் புடிங்க, நின்னுரும். மாத்திரைய மட்டும் விடாதீங்க" என்றார் டொக்டர் அம்மா. மற்றவர்களாக இருந்தால் மாத்திரையை ஒளித்து வைத்துவிட்டுப் போட்டேன் என்று சொல்லியிருப்பார்கள். கங்காணி அப்படிப்பட்ட ஆள் இல்லை. உட்கார்ந்து யோசித்தார். மாத்திரையை விடக்கூடாது. மாத்திரை போட்டால் அட்டைக்கடி நிற்காது. ஆகவே அட்டை கடிக்கக்கூடாது.

அட்டை ஏறாமல் இருக்க நீளக் காலுறை போடுவது வழக்கம். டொக்டர் அம்மா இறுக்கமான காலுறை கூடாது என்று சொல்லியிருந்தார். ஆகவே சந்தையில் இருந்ததிலேயே பெரிதாக, தொளதொளவென்று ஒன்று வாங்கினார். அது இரண்டு அடி வைப்பதற்குள் கணுக்காலுக்கு இறங்கியது. அட்டைக்கு அது கதவு திறந்து வைத்த மாதிரி. என் த்ரீவீலின் பின்பக்கம் பழைய ட்யூப் ஒன்று கிடந்தது. என்னைக் கேட்காமல் அதில் ஒரு வளையம் வெட்டி, காலுறைக்கு மேலே, முழங்காலுக்குக் கீழே போட்டுக்கொண்டார். காலுறை நின்றது. அட்டையும் ஏறவில்லை.

அந்த நரம்பு ஓடுவதும் அதே இடம்தான். லொறிச் சாமானையே கட்டி நிறுத்துகிற ரப்பர் அது. ஆனால் டொக்டர் அம்மா சொன்னது காலுறையைப் பற்றி. ட்யூபைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை.

காலையில் ரப்பரை மாட்டுவதற்கு முன்னால் விரலை வைத்துப் பார்ப்பார்: "வந்துட்டான்." சாயங்காலம் கழற்றிய பிறகு வைத்துப் பார்ப்பார்: "இருக்கான்." இரண்டும் உண்மை. நடுவில் பகல் பூராவும் அவன் ரப்பருக்குள் கழுத்து நெரிபட்டுக் கிடந்தான். பாதம் சப்பாத்துக்குள். அங்கே விரல் போகாது.

அன்றைக்கு நல்ல மழை. பெண்கள் தார்ப்பாய்ப் படங்கை இடுப்பில் சுற்றிக்கொண்டு கொழுந்து எடுத்துக்கொண்டிருந்தார்கள். கங்காணி மேலே ஏறி வந்தவர் அம்மா பக்கத்தில் நின்றார். கூடையில் முத்தல் என்று ஏசினார். அம்மாவுக்குக் கோபம். நல்ல கொழுந்து. கொஞ்சம் நடந்தார், நின்றார், அடுத்தவளை ஏசினார். அவள் வாயைத் திறப்பதற்குள் கொஞ்சம் நடந்து, மூன்றாவதாக ஒரு செடியைப் பிடித்துக்கொண்டு, ஆளே இல்லாத இடத்தில் ஏச ஆரம்பித்தார்.

மூன்று நிரை தள்ளி நின்ற அத்தை நிமிர்ந்தாள். கூடையை இறக்கிக் கீழே வைத்தாள். மழையில் கூடையைத் தரையில் வைத்தால் கொழுந்து நனைந்து நிறை கழிப்பார்கள், அதையும் பார்க்கவில்லை. நேரே அவரிடம் வந்தாள்.

"காலு வலிக்குதா?"

"வேலையப் பாரு புள்ள."

"வலிக்குதான்னு கேட்டேன்."

"குளிருக்கு வெறச்சிருக்கு. காலைலதான் பாத்தேன், இருந்துச்சு."

"காலைல இருந்துச்சு. இப்ப?" என்றாள் அத்தை. "எங்க, காட்டுங்க பாப்போம்."

அத்தை குரலை உயர்த்தவே இல்லை என்று அம்மா சொன்னாள். கூட்டம் முழுக்கக் கையை நிறுத்திவிட்டது. கங்காணி சுற்றிப் பார்த்தார். யாரும் வேலை செய்யவில்லை, அவரும் அதைச் சொல்லவில்லை. ஒரு கல்லில் உட்கார்ந்து சப்பாத்தைக் கழற்றினார். பாதம் அவித்த கிழங்கு தோலுரித்த மாதிரி வெளுத்துப்போயிருந்தது. அத்தை இரண்டு விரலை வைத்தாள். இடம் மாற்றி வைத்தாள். பிறகுதான் முழங்காலுக்குக் கீழே ரப்பர் வளையத்தைப் பார்த்தாள். யாரிடமோ கத்தியை வாங்கி ஒரே இழுப்பில் அறுத்தாள்.

"நல்ல ட்யூப்பு" என்றார் கங்காணி.

அத்தை மறுபடி விரலை வைத்துக் காத்திருந்தாள். ரப்பர் போன பிறகும் ஒன்றும் வரவில்லை.

அம்மா எனக்குப் போன் எடுத்தாள். "வண்டிய எடுத்துக்கிட்டு மேல் ரோட்டுக்கு வா. கங்காணி கால்ல துடிப்பு இல்ல." பெண்கள் அவரை ரோட்டுக்குத் தூக்கி வந்திருந்தார்கள், ஏச்சு வாங்கின அதே பெண்கள். அன்றைக்கு அவர் என் டயரைத் தொட்டுப் பார்க்கவில்லை. 

நுவரெலியா வரைக்கும் அவர் பாதத்திலிருந்து விரலை எடுக்கவில்லை. அத்தை அந்தக் காலை மடியில் வைத்துக்கொண்டிருந்தாள். வளைவுகளில் வண்டி சாயும்போதெல்லாம் கண்ணாடியில் பார்த்தேன். அவர் அழுதுகொண்டிருந்தார்.

"மாத்திர ஒரு நாள் விடலடா. பீடிய மோந்து கூடப் பாக்கல. நடந்தேன். எல்லாம் செஞ்சேன்."

"செஞ்சீங்க மாமா."

"அவனும் நல்லாத்தான் வேலை செஞ்சான். நான்தான் கட்டிப்போட்டுட்டேன்."

 எத்தனையோ நாள் இந்த ஆளுக்கு ஒரு பாடம் வர வேண்டும் என்று நினைத்திருக்கிறேன். இப்படி வர வேண்டும் என்று நினைத்ததில்லை. அக்ஸிலேட்டரை முறுக்கினேன்.

நுவரெலியாவிலிருந்து அம்புலன்ஸில் கண்டிக்குக் கொண்டுபோனார்கள். உறைந்து கிடந்த ரத்தத்தை எடுத்து, ரப்பர் அழுத்தி நரம்பு குறுகிப்போன இடத்தில் ஒட்டுப் போட்டு, திரும்ப ஓட விட்டார்கள். கால் பிழைத்தது. டொக்டர் அம்மா கெண்டைக்காலைச் சுற்றியிருந்த தடத்தைப் பார்த்து என்னவென்று கேட்டார். கங்காணி மாத்திரை, அட்டை, காலுறை, ட்யூப் என்று வரிசையாகக் காரணத்தோடு சொன்னார். ஏசுவதா சிரிப்பதா என்று அந்த அம்மாவுக்குத் தெரியவில்லை.

"சாயங்காலம் வரைக்கும் விட்டிருந்தா இந்தக் கால் இல்ல" என்றார் கடைசியில். "யார் பாத்தது?"

சாயங்காலம்தான் கங்காணி அடுத்த தடவை பார்ப்பதாக இருந்தது.  "என் கூட்டத்துல கொழுந்து எடுக்குற ஒருத்தி" என்றார் அவர். அத்தை கட்டில் ஓரத்தில்தான் நின்றிருந்தாள். சேலைத் தலைப்பால் வாயை மூடிக்கொண்டாள், சிரிப்பா அழுகையா என்று கேட்காதீர்கள்.

"இனி இந்தக் கால்ல சொக்ஸோ கயிறோ ரப்பரோ, என்ன போட்டாலும் இப்படி ரெண்டு விரல் உள்ள போகணும்" என்று டொக்டர் அம்மா கங்காணியின் கணுக்காலில் விரலை விட்டுக் காட்டினார். காட்டியது கங்காணிக்கு. படித்துக்கொண்டது அத்தை.

அத்தை கோதுமை மா மூட்டைத் துணியில் இடுப்பு வரைக்கும் வருகிற மாதிரி காலுக்கு ஒரு பை தைத்தாள். காலில் எந்தக் கட்டும் இல்லை, மேலே பெல்ட்டில் தொங்கும். அட்டை ஏறினாலும் துணிக்கு வெளியேதான் ஏற வேண்டும். அதைப் போட்டுக்கொண்டு அவர் மலைக்குப் போன முதல் நாள் கண்டாக்கு ஐயா, எங்கள் தோட்டத்தில் வெளிவேலைகளைப் பார்க்கிற அதிகாரி, சிரிப்பை அடக்க அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டார். ஒவ்வொரு நாளும் பெரட்டுக்குப் போவதற்கு முன்னால் கங்காணி இஸ்தோப்பில் நிற்பார். அத்தை குனிந்து காலைச் சுற்றி இரண்டு விரலை ஓட்டிப் பார்ப்பாள். மதியம் கொழுந்து நிறுக்கிற இடத்தில் மறுபடி. "இப்பத்தானே பாத்த" என்று அவர் சொன்னால் அத்தைக்குக் காது கேட்காது. கூடையைக் கொடுத்துவிட்டுத் தலையைச் சொறிந்துகொண்டு நிற்கிற பெண் மாதிரியே அவர் நிற்பார். அம்மாவுக்கு அதைப் பார்க்கிறதில் இருந்த சந்தோஷம் தீபாவளிக்குக்கூட இருந்ததில்லை.

அந்த நரம்பு அதற்குப் பிறகு ஒரு நாளும் மக்கர் பண்ணவில்லை. கங்காணி வேலையிலிருந்து நின்று, பேரப்பிள்ளை பார்த்து, அதன் தொட்டில் கயிற்றை இழுத்துப் பார்த்து, நல்லபடியாக இருந்தார். போனது நெஞ்சால். ஒரு காலை நேரம், பெரட்டுக்கு ஆட்கள் போய்க்கொண்டிருக்கிறார்கள், இஸ்தோப்பில் தேத்தண்ணிக் கோப்பையோடு இருந்தவர் அப்படியே சுவரில் சாய்ந்துவிட்டார். அத்தை ஓடி வந்து முதலில் பிடித்தது கையை அல்ல, பாதத்தை. நெடுநேரம் விரலை எடுக்கவில்லை. நாங்களும் எடுக்கச் சொல்லவில்லை.

குளிப்பாட்டி வேட்டி கட்டி வாங்கில் கிடத்தினார்கள். சொந்தத்தில் ஒரு பெரியவர் வெள்ளைத் துணியைக் கிழித்து, வழக்கப்படி கால் பெருவிரல் இரண்டையும் சேர்த்துக் கட்டினார். தலைமாட்டில் உட்கார்ந்திருந்த அத்தை எழுந்து கால்மாட்டுக்கு வந்தாள்.

"இறுக்கிக் கட்டாதீங்க."

"இறுக்கமா இல்ல தாயி" என்றார் பெரியவர்.

"எங்க, காட்டுங்க பாப்போம்."

அவர் கையை எடுத்தார். அத்தை கட்டுக்குக் கீழே இரண்டு விரலை நுழைத்தாள். போகவில்லை. அழுதுகொண்டிருந்த பெண்கள் அழுகையை நிறுத்தினார்கள். பெரியவர் முடிச்சை அவிழ்த்து, தளர்த்தி, மறுபடி கட்டினார். அத்தை மறுபடி விரலை விட்டுப் பார்த்தாள்.

"ம்" என்றாள்.